மெரூன் ஸ்லீவ் போட்ட பெண்ணை வெளியே அனுப்பியது சரியா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து ரெஃபரியாக இந்த சீசனில்தான் சேர்ந்திருக்கிறீர்கள். பெண்கள் ஜேவி, அதாவது பள்ளியின் இரண்டாம் நிலை அணிகளின் ஆட்டம் ஒன்று. உள்ளூர் அணிக்கு வெள்ளை ஜெர்சி. கையை இறுக்கி மூடும் தனி உறையான ஸ்லீவ் போட்டிருந்தவர்களில் மூன்று பேருக்குக் கறுப்பு, ஒரு பெண்ணுக்கு மட்டும் மெரூன். உங்கள் பார்ட்னர், அதாவது கூட இருந்த இன்னொரு ரெஃபரி, முதல் பாதி முழுக்கக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் நீங்கள் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பெண்ணை வெளியே அனுப்பினீர்கள். "போன வாரமும் இதையேதான் போட்டு ஆடினாள், அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கோச் கத்தினார். பெற்றோர் பக்கமிருந்தும் சத்தம். புத்தகத்தில் இருப்பதைத்தானே செய்தேன், உடை விதிகளை எவ்வளவு கறாராகப் பிடிப்பது என்று கேட்கிறீர்கள்.

விதிப்படி நீங்கள் சரி. செய்த நேரமும் விதமும் சரியில்லை. கோச் சொன்னதும் அநேகமாக உண்மைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்எஃப்எச்எஸ், அதாவது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு எழுதும் விதிப்படி, கை ஸ்லீவ், கால் ஸ்லீவ், டைட்ஸ், ஹெட்பேண்ட், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் வெள்ளை, கறுப்பு, பீஜ் அல்லது ஜெர்சியின் பிரதான நிறம், இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு அணியில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். விதி சொல்வது ஜெர்சியின் நிறத்தை, பள்ளியின் நிறத்தை அல்ல. பள்ளி நிறம் மெரூன் என்றால் வெளியூர் ஆட்டத்துக்கான ஜெர்சியும் மெரூனாகத்தான் இருக்கும். போன வாரம் வெளியூர் ஆட்டமாக இருந்து, மற்றவர்களும் மெரூன் போட்டிருந்தால் அந்த ஸ்லீவ் முழுக்கச் சட்டப்படியானது. இந்த வாரம் சொந்த ஊரில் வெள்ளை ஜெர்சி. அதே கை, அதே ஸ்லீவ், இப்போது விதிமீறல். பள்ளி நிறத்தில் வாங்கிக் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்த அம்மாவுக்கு இது புரியாது. பாதி கோச்சுகளுக்கும் புரியாது. ஆகவே முதல் வேலை இது: எதிரில் இருப்பவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்ற எண்ணத்தோடு உடை விஷயத்தில் வாயைத் திறக்காதீர்கள். பத்தில் ஒன்பது முறை அது அறியாமை, அல்லது காலை அவசரத்தில் கைக்குக் கிடைத்த சாக்ஸும் ஸ்லீவும்.

விதிப் புத்தகத்திலேயே விதிகளின் நோக்கம் பற்றி ஒரு சிறு பத்தி உண்டு. புதியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை ஒவ்வொரு சூழலிலும் புத்தியோடு பயன்படுத்த முடியும், விதி கொடுக்க நினைக்காத அனுகூலத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சிலர் இதை வைத்துக்கொண்டு, "ஸ்லீவ் நிறத்தால் யாருக்கு அனுகூலம்? விட்டுவிடு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பத்தி விதியைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது, பிடிக்காததை அடித்துவிட உரிமை தரவில்லை.

உடை விதிகள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. சில விதிகள் உடம்பைக் காப்பாற்ற இருக்கின்றன. நகை கூடாது என்பது அப்படி. தோடு, மூக்குத்தி, மோதிரம், கயிற்றில் கோத்த டாலர் எதுவும் கூடாது. புதிதாகக் காது குத்தியிருக்கிறது, கழற்றினால் மூடிக்கொள்ளும், டேப் ஒட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சுவார்கள். டேப் ஒட்டினாலும் அது நகைதான். விலக்கு இரண்டுக்குத்தான்: மதச் சின்னம் என்றால் டேப் போட்டு சட்டைக்கு உள்ளே, மருத்துவ எச்சரிக்கைப் பட்டை என்றால் டேப் போட்டு, விவரம் வெளியே தெரியலாம். தலைமுடியைக் கட்டும் துணிப்பட்டை, ரப்பர் பேண்டுக்கு நிறக் கட்டுப்பாடே கிடையாது. இதைத் தெரியாமல் பச்சை ரப்பர் பேண்டைக் கழற்றச் சொல்லும் ரெஃபரிகளை நான் பார்த்திருக்கிறேன். கறாராக இருக்க ஆசைப்படுகிறவர் முதலில் புத்தகத்தைச் சரியாகப் படித்திருக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டத்தைக் குழப்பாமல் இருக்க வைத்த விதிகள். உள்ளூர் அணி வெள்ளை, வெளியூர் அணி அடர்நிறம். எண்களில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே வரக்கூடாது. 0, 00, 1 முதல் 5, பிறகு 10–15, 20–25 என்று 55 வரைதான். காரணம் நம் கை விரல்கள். ஃபவுலை ஸ்கோர் டேபிளுக்குச் சொல்லும்போது ஒரு கையில் இரண்டு விரல், மறு கையில் மூன்று விரல் காட்டினால் 23. ஆறு என்று காட்ட ஒரு கை போதாது. கல்லூரி ஆட்டத்தில் 2023-24 முதல் 99 வரை எண்களை அனுமதித்துவிட்டார்கள், ஆகவே டிவியில் பார்க்கும் பிள்ளை "நான் மட்டும் ஏன் 77 போடக்கூடாது" என்று கேட்டால் நியாயமான கேள்விதான். பதில் சொல்லுங்கள், முறைக்காதீர்கள்.

மூன்றாவது வகை, பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக வந்தவை. ஸ்லீவ் நிறம் பெரும்பாலும் இதில் சேரும். கண் ஓரத்தில் ஒரு கை தெரிந்தால் அது நம்மாளா எதிராளியா என்று பாஸ் கொடுப்பவர் ஒரு நொடியில் முடிவெடுக்கிறார் என்று ஒரு வாதம் உண்டு. அது எனக்கு முழுக்க அபத்தமாகவும் படவில்லை, முழுக்க நம்பும்படியாகவும் இல்லை. ஹெட்பேண்டின் அகலத்துக்கு ஒரு வரம்பு, மணிக்கட்டுப் பட்டை நான்கு அங்குலம், ஜெர்சியில் அமெரிக்கக் கொடி 2-க்கு 3 அங்குலம், தயாரிப்பாளர் முத்திரை இரண்டே கால் சதுர அங்குலம் என்றெல்லாம் அளவுகள் இருக்கின்றன. இவற்றுக்காகப் பையில் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வரும் ரெஃபரியோடு யாரும் இரண்டாம் முறை ஜோடி சேர மாட்டார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். எல்லா வகைக்கும் பொருத்தமான நேரம் ஒன்றுதான். உங்கள் அதிகாரம், ஆட்டம் தொடங்கக் குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. பலர் அந்தப் பதினைந்து நிமிடமும் கோர்ட்டின் ஓரத்தில் நின்று பார்ட்னரிடம் ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் நிற்பது பிள்ளைகள் வார்ம்-அப் செய்வதைப் பார்க்க. வளையத்தின் அருகே போய்ப் பந்தைப் போடும் லே-அப் பயிற்சி வரிசையில் ஓடி வரும்போது கை, காது, கழுத்து, முழங்கால் எல்லாம் வரிசையாக உங்கள் கண்முன் வந்துபோகும். அந்த மெரூன் ஸ்லீவ் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். வார்ம்-அப் சட்டை கையை மூடியிருந்தால், அதைக் கழற்றிய பிறகு ஒரு பார்வை பாருங்கள்.

பார்த்ததும் பிள்ளையிடம் போகாதீர்கள். கோச்சிடம் போங்கள். "கோச், 12-ஆம் நம்பருக்கு மெரூன் ஸ்லீவ். இன்று வெள்ளை ஜெர்சி, மற்றவர்கள் கறுப்பு. ஆட்டம் தொடங்குவதற்குள் மாற்றிவிடச் சொல்லுங்கள்." இவ்வளவுதான். குரல் உயர்த்த வேண்டாம், விதி எண் சொல்ல வேண்டாம். கோச்சே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்வார். ஆள் யார் என்று அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, எல்லோர் முன்னாலும் உடையைக் காட்டிப் பேசப்படுவது ஃபவுல் வாங்குவதைவிட மோசமான அனுபவம். பெண்கள் ஆட்டத்தில் ஆண் ரெஃபரிகள் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

அப்புறம் கேப்டன்கள் சந்திப்பு. உங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் விதிப்படியான உடையும் உபகரணமும் அணிந்திருக்கிறார்களா என்று இரண்டு தலைமைக் கோச்சுகளிடமும் கேட்டு உறுதி வாங்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலானோர் இதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துவிட்டு நகர்கிறார்கள். கேட்டுவிட்டு ஒரு கணம் கோச்சின் முகத்தைப் பாருங்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

ஆட்டம் தொடங்கிய பிறகு கண்ணில் பட்டால் என்ன செய்வது? ஸ்லீவ், ஹெட்பேண்ட், வெளியே தொங்கும் ஜெர்சி இதெல்லாம் டெக்னிக்கல் ஃபவுல் (உடல் மோதல் அல்லாத விதிமீறலுக்கான தண்டனை, எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும்) விஷயங்களே அல்ல. சரிசெய்யும் வரை ஆடக்கூடாது, அவ்வளவுதான் தண்டனை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் ஒருவரை வெளியே அனுப்பி மாற்று ஆள் வந்துவிட்டால், கடிகாரம் மறுபடி ஓடி அடுத்து ஆள் மாற்ற வாய்ப்பு வரும்வரை அவர் உள்ளே வர முடியாது. நெருக்கமான ஆட்டத்தில் அது இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகலாம். பள்ளி ஆட்டத்தில் ஒரு குவார்ட்டரே 8 நிமிடம்தான். ஆகவே ஓடும் பந்தை நிறுத்தாமல், அடுத்து ஆட்டம் நிற்கும் டெட் பாலில், ஃப்ரீ த்ரோவுக்கு வரிசை நிற்கும்போது பக்கத்தில் போய், "ஸ்லீவைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிடு" என்று காதோடு சொன்னால் ஐந்து நொடியில் முடிந்துவிடும். டைம்-அவுட் வந்தால் இன்னும் வசதி. தொங்கும் ஜெர்சிக்கு ஓடும்போதே "டக் பண்ணு", அதாவது உள்ளே செருகு, என்றால் போதும். சொன்ன பிறகும் அதே ஆள் திரும்பத் திரும்ப வெளியே விட்டுக்கொண்டிருந்தால், அப்போது அனுப்புங்கள். அதற்குள் கோச்சே உங்கள் பக்கம் வந்திருப்பார். நகைக்கு மட்டும் இந்தத் தயவு கிடையாது. தோட்டைப் பார்த்த முதல் டெட் பாலிலேயே அவர் வெளியே போக வேண்டும்.

ஜெர்சியே தவறு என்றால் கதை வேறு. உள்ளூர் அணி வெள்ளை போடாமல் வந்து ஆடினால் தலைமைக் கோச் மீது டெக்னிக்கல் விழும். எத்தனை பேர் தவறான சட்டை போட்டிருந்தாலும் ஆட்டத்துக்கு ஒன்றுதான். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கு. கோச் நின்றுகொண்டு பயிற்சி தரும் உரிமையும் போய்விடும், மீதி ஆட்டம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இங்கே இரக்கப்பட்டு விடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: எதிரணி கோச்சுக்கும் விதி தெரியும். நீங்கள் விட்டுவிட்டு, அவர்கள் ஒரு பாயிண்டில் தோற்றால் உங்கள் இரக்கத்துக்கு அவர்கள் விலை கொடுத்ததாக ஆகும். ஆகவே முன்கூட்டியே பார்த்து, மாற்று ஜெர்சி இருக்கிறதா என்று கேட்டு, பள்ளி அறையிலிருந்து எடுத்துவர நேரம் கொடுங்கள். இல்லவே இல்லை என்றால் விதிப்படி செய்துவிட்டு ஆட்டத்தை நடத்துங்கள். ஆட்டத்தை ரத்து செய்யும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. புற்றுநோய் விழிப்புணர்வுக்காகப் பிங்க் சட்டை போடும் நாட்கள் மாதிரியான விசேஷங்களுக்கு மாநிலச் சங்கத்தின் அனுமதி இருக்கும், கடிதத்தைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் என்றதும் மேரிலாந்து சம்பவம் ஞாபகம் வருகிறது. 2017 மார்ச்சில், கெய்தர்ஸ்பர்க் நகரப் பள்ளி ஒன்றின் மாணவி ஹிஜாப் அணிந்து ஆடுபவர். அந்த சீசனில் அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிராந்திய இறுதி ஆட்டத்தில், மாநில அனுமதிக் கடிதம் இல்லை என்று ரெஃபரி சுட்டிக்காட்ட, அவர் ஆட்டம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அப்போதைய விதியில் கடிதம் தேவை என்று இருந்தது உண்மை. எல்லோரும் அந்த இறுதி ஆட்ட ரெஃபரியைத் திட்டினார்கள். நான் அதற்கு முந்தைய ஆட்டங்களின் ரெஃபரிகளைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவர்களில் ஒருவராவது ஆட்டம் முடிந்து போகும்போது, "கோச், இந்தப் பெண் ஆடட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் விதியில் கடிதம் கேட்கிறார்கள், நாளைக்கே மாநிலச் சங்கத்துக்கு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த நாள் அப்படி முடிந்திருக்காது. பேசாமல் விடுவது தயவு மாதிரித் தெரியும். உண்மையில் அது சிக்கலை அடுத்த ரெஃபரியின் தலையிலும், கடைசியில் அந்தப் பிள்ளையின் தலையிலும் கட்டிவிட்டுப் போவது.

விதியே மோசமாக இருந்தால் அது மேலே மாற வேண்டும், மாறியும் இருக்கிறது. 2014-இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் இருவர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டியிருந்தது. அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2017 அக்டோபரிலிருந்து தலை உறைகளை அனுமதித்தது. அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளிலும் மதத் தலையணிக்கு முன் அனுமதிக் கடிதம் கேட்பதைப் பிறகு பலவற்றில் கைவிட்டார்கள்.

விதி கையைக் கட்டிப்போடும் இடங்களும் உண்டு. 2009 பிப்ரவரியில் மில்வாக்கியின் மேடிசன் பள்ளிக்கும் இல்லினாயின் டிகாப் பள்ளிக்கும் ஆட்டம். மேடிசன் கேப்டன் அப்போதுதான் தன் அம்மாவை இழந்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்து கோச் அவர் பெயரை ஸ்கோர்புக்கில் எழுதவில்லை. ஆட்டத்தின் நடுவில் வந்துவிட்டார், ஆடுகிறேன் என்றார். ஆட்டம் தொடங்கிய பிறகு பெயர் சேர்த்தால் டெக்னிக்கல். டிகாப் கோச் எங்களுக்கு இந்த ஃபவுல் வேண்டாம் என்று சொல்லியும், விதி விதிதான் என்று ரெஃபரிகள் கொடுத்தார்கள். டிகாப் ஆட்டக்காரர் கோட்டில் நின்று, இரண்டு முறையும் பந்தை வளையத்தின் பக்கமே போகாதபடி சில அடி தூரத்தில் உருட்டிவிட்டார். அந்த ரெஃபரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். எதிரணி வேண்டாம் என்பதற்காகத் தண்டனையை ரத்து செய்யும் அதிகாரம் நமக்கு இல்லை. பெருந்தன்மையைக் காட்ட வேண்டிய இடத்தில் ஆட்டக்காரர்களே காட்டினார்கள்.

அதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலைக் குறிப்பு: பெயரும் எண்ணும் ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்னால் ஸ்கோரரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சற்று முன்பே புத்தகத்தைப் பார்த்து, அதில் இருக்கும் பெயர்களையும் வார்ம்-அப்பில் ஓடும் தலைகளையும் எண்ணுங்கள். புத்தகத்தில் பதினொன்று, கோர்ட்டில் பன்னிரண்டு என்றால் கோச்சைக் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. ஜெர்சியில் ரத்தம் பட்டால் ஆட்டக்காரர் வெளியே போய் மாற்ற வேண்டும், வேறு எண் போட்டாலும் தண்டனை இல்லை. ஆனால் கோர்ட்டிலோ பெஞ்சிலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஜெர்சியைக் கழற்றினால் டெக்னிக்கல், காரணம் ரத்தமாக இருந்தாலும். பையன் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு பதற்றத்தில் நிற்பான், பெஞ்சில் யாரோ வேறு சட்டையை நீட்டுவார்கள், கை தானாகவே சட்டையின் ஓரத்துக்குப் போகும். நீங்கள் அவனை வெளியே அனுப்பும் அதே மூச்சில், "சட்டையை உள்ளே போய் மாற்று, இங்கே கழற்றாதே" என்று அவனுக்கும் கோச்சுக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் பார்ட்னர் விஷயம். ஒரே ஆட்டத்தில் ஒரு ரெஃபரி விட்டதை இன்னொரு ரெஃபரி பிடிப்பதுதான் கோச்சுகளை அதிகம் எரிச்சலூட்டும். உடை மாற்றும் அறையிலேயே, "இன்று ஸ்லீவ், ஹெட்பேண்ட் எல்லாம் வார்ம்-அப்பில் நான் பார்த்துக்கொள்கிறேன், ஏதாவது இருந்தால் கோச்சிடம் நானே பேசுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். மூத்தவர்கூட இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார், வேலை குறைகிறதே. முதல் பாதி முழுக்க இருவருமே கவனிக்காமல் விட்டது இடைவேளையில் தெரிந்தால், மூன்றாவது குவார்ட்டர் தொடங்கும் முன் இரண்டு கோச்சுகளிடமும் போங்கள். "இது எங்கள் கண்ணில் முன்பே பட்டிருக்க வேண்டும், இப்போது சரிசெய்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். எதிரணியிலும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். அநேகமாக அங்கேயும் ஒரு ஹெட்பேண்ட் நிறம் மாறித்தான் இருக்கும்.

அந்த கோச்சின் ஆட்டம் மறுபடி உங்களுக்கு வந்தால், வார்ம்-அப்பின்போது போய் வெள்ளை ஜெர்சி, மெரூன் ஜெர்சி கணக்கை ஒரு நிமிடம் விளக்கிவிடுங்கள். கறுப்பு ஸ்லீவ் வாங்கினால் உள்ளூர், வெளியூர் இரண்டுக்கும் ஒத்துவரும் என்றும் சொல்லுங்கள், பெற்றோருக்கு ஒரு செலவு மிச்சம்.